மே மாதத்துக் கம்பளி

அத்தியாயம் 9

அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, மரக்காணம் உப்பளத்தில் இருந்த அத்தனை பேரும் நிழலைத் தேடி ஒதுங்கியிருந்தார்கள். அமுதவல்லி மட்டும் வீட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்கினாள்.

"யாரு, ஓவர்சியரா? பாத்தியில தண்ணி உட்டாச்சா?" என்று கேட்டாள். குரல் நாள்பட்ட சளி பிடித்தவள் மாதிரி கரகரத்தது.

கேட்கப்பட்டவர் ஓவர்சியர் அல்ல. துப்பறியும் நிபுணர் சித்தார்த்தன். நிபுணர் என்பது திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் தொங்கும் போர்டில் அவரே எழுதிக்கொண்ட பட்டம். பக்கத்தில் நின்றவள் அவருடைய உதவியாளர் மேரிசெல்வி. மூன்று வருடம் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்து, வாடிக்கையாளர்களுக்குப் பதிலுக்குப் பதில் பேசியதால் வெளியே அனுப்பப்பட்டவள். அந்த வாயைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் தைரியம் தமிழ்நாட்டில் சித்தார்த்தன் ஒருவருக்குத்தான் இருந்தது.

அமுதவல்லியின் வலது கை தானாக ஒரு உதறு உதறியது. டம்ளர் உருண்டு ஓடியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"பாத்துக்குங்க சார்" என்றார் அவள் கணவர் கலியபெருமாள். உப்பள முதலாளி. வட்டார உப்பு உற்பத்தியாளர் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். மனைவியைப் பற்றிப் பேசும்போதும் எதிரே ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுகிறவர். "கொளஞ்சி வச்ச மருந்து பண்ற வேலை இது!"

இந்தப் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால், வேண்டாதவர் சோற்றில் ஏதோ ஒன்றைக் கலந்து கொடுப்பது. அது வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டு புத்தியைக் கெடுக்கும் என்பது நம்பிக்கை. கொளஞ்சி இதே உப்பளத்தில் உப்பு வாருகிறவள். தினமும் மத்தியானம் முதலாளியம்மாவுக்கு மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்ததைத் தவிர வேறு பாவம் அறியாதவள். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சாயத்து. குற்றம் உறுதியானால் அவள் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக வேண்டும். "என் பேரைக் காப்பாத்துங்க" என்று நேற்று மாடிப்படி ஏறி வந்து சித்தார்த்தன் முன்னால் அழுதது அவள்தான்.

"நாலு தடவை மருந்து எடுத்தாச்சு" என்று தொடர்ந்தார் கலியபெருமாள். "பெருமுக்கல் சடையப்பன்தான் எடுப்பாரு. எடுத்து, சாப்பிடப் பொடியும் கொடுப்பாரு. ரெண்டே நாள்ல சுத்தமா தெளிஞ்சிடுவா. மூணு வாரம் ஜம்முனு இருப்பா. அந்தப் பொம்பள மறுபடியும் வச்சிடுவா."

"உடம்பு கெட்ட தேதிகள் ஞாபகம் இருக்குதுங்களா?"

"மறக்குமா? பிப்ரவரி பதினேழு, கண்டன ஊர்வலம். மைக்கைப் புடிச்சு பெரியோர்களே தாய்மார்களேன்னேன், வீட்டுலேர்ந்து ஆள் ஓடி வருது. மார்ச் பதினெட்டு, உண்ணாவிரதம். ஏப்ரல் பதினாறு, சாலை மறியல். இப்ப மே பதினஞ்சு, கருப்புக்கொடி. வலிப்பே வந்துடுச்சு."

"ஒருவேளை அம்மா எதிர்க்கட்சியோ?" என்றாள் மேரிசெல்வி.

சித்தார்த்தன் அவளை முறைத்தபடி தேதிகளைக் குறித்துக்கொண்டார். இத்தனை போராட்டமும் எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற உத்தரவு போன புதன்கிழமைதான் அமலுக்கு வந்திருந்தது. வெளிச்சுவர் முழுக்கக் கலியபெருமாள் கையெடுத்துக் கும்பிடும் சுவரொட்டிகள். 'கடல் கொடுத்த உப்பே போதும்! கலப்பட அயோடின் வேண்டாம்!'

"இந்தத் தடவை ஏன் சடையப்பன்கிட்ட போகல?"

"வச்சவ ஊர்ல இருக்கிற வரைக்கும் எடுத்துப் பிரயோஜனம் இல்லன்னுட்டாரு. நாளைக்கு அவளை அனுப்பிட்டுத்தான் மறுவேலை."

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போயிருந்த மேரிசெல்வி திரும்பி வந்து அவர் காதில் கிசுகிசுத்தாள். "சார், வெளியில வீட்டு உசரத்துக்கு உப்பு குவிஞ்சிருக்குது. உள்ள அரிசிப் பானைக்குள்ள கடையில விக்கிற பாக்கெட் உப்பு ஒளிச்சு வச்சிருக்குது. அதுவும் அயோடின் உப்பு."

"ஏம்மா, நான் இங்க ஒரு கொலை முயற்சியை விசாரிக்கிறேன். நீ மளிகை சாமான் பார்க்கிறியா?"

இப்படித் தள்ளிவிடப்பட்ட தடயங்களை வைத்துத்தான் சித்தார்த்தன் இதுவரை எல்லா வழக்கையும் ஜெயித்திருக்கிறார். தாமதமாக.

வெளியே, வீட்டுக்குள் வரத் தடை போடப்பட்ட கொளஞ்சி, வேலிகாத்தான் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா எப்டி கீது? எதுனா துன்னுச்சா?"

"உங்களை ஊரை விட்டு அனுப்பப் பாக்குறாங்க, நீங்க அவங்க சாப்பாட்டைக் கேக்குறீங்க" என்றாள் மேரிசெல்வி.

"எனக்குக் கூடப் பொறந்தவ இல்லம்மா. அதுதான் எனக்கு அக்கா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொங்கலுக்கு அப்பால ஸ்கூல்ல முகாம் போட்டாங்க. எப்பப் பாத்தாலும் குளுருதுன்னு சொல்லுதேன்னு நான்தான் இட்டுனு போனேன். கழுத்தைத் தடவிப் பாத்து ரத்தம் எடுத்தாங்க. சீட்டு வந்துது. எனக்குப் படிக்கத் தெரியாது, முதலாளி ஐயா கையில கொடுத்தேன். ஒண்ணுமில்லன்னுட்டாரு."

'முகாம். ஒண்ணுமில்லை' என்று சித்தார்த்தன் எழுதிக்கொண்டார். பிறகு டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்தார். அது நாலாவது உதைக்குப் புறப்பட்டது.

பெருமுக்கல் மலையடிவாரத்தில் சடையப்பன் வீட்டு வாசலில் வரிசை நின்றது. மேரிசெல்வி வண்டியிலிருந்து இறங்காமலே அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், இவங்க எல்லாரும் ஒரே குடும்பமா?"

"ஏன்?"

"கை கால் எல்லாம் குச்சி. முகம் மட்டும் உப்பின பூரி. பத்துப் பேருக்கும் ஒரே முகம்."

"கிராமத்துச் சாப்பாடும்மா. சத்து."

"சத்து முகத்துக்கு மட்டும் போய்ச் சேருமா சார்? எங்க கடையில மூட்டுவலிக்கு ஒரு வெள்ளை மாத்திரைய டாக்டர் சீட்டு இல்லாம மாசக்கணக்கா வாங்கித் தின்னாங்களே, அவங்களுக்கு இப்படித்தான் ஆச்சு. ஸ்டீராய்டு."

சித்தார்த்தன் அதைக் கேட்டும் கேட்காதவராக உள்ளே போனார். வயிற்று வலி என்று சொல்லிப் பாயில் படுத்தார். சடையப்பன், நெற்றி நிறைய விபூதி பூசிய ஐம்பது வயதுக்காரர், ஒரு பித்தளைக் குழலை அவர் தொப்புளுக்கு மேலே வைத்து உறிஞ்சினார். கண்ணை மூடினார். தொண்டையைக் காறித் தட்டில் துப்பினார். கறுப்பாக, முடி சுற்றிய ஒரு உருண்டை விழுந்தது.

"ஆறு மாசமா உள்ள இருக்குது. கூடவே சுத்துற பொம்பள ஒருத்தி வச்சது" என்று சொல்லி, மேரிசெல்வியைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

"நானா? இவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவே எனக்கு மனசு வராது, மருந்து வேற வைப்பேனா?" மேரிசெல்வி குனிந்து உருண்டையைப் பார்த்தாள். "ஆறு மாசம் வயித்துல இருந்தும் புளி இன்னும் ஈரமாவே இருக்குதே அண்ணே."

சடையப்பன் தட்டைத் துணியால் மூடினார். "இருபத்தோரு நாள் பொடி சாப்புடணும்" என்று எழுந்து சுவர்ப் பக்கம் போனார்.

அந்தச் சுவரைப் பார்த்ததும் சித்தார்த்தன் பாயிலிருந்து தலையைத் தூக்கினார். நகைக்கடை, உரக்கடை, பாத்திரக்கடை என்று திண்டிவனத்துக் கடைகள் அத்தனையும் கொடுத்த இருபத்திரண்டு தினசரி காலண்டர்கள் அங்கே தொங்கின. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் ஒரு பெயர். ஒன்றில் ஜூன் இரண்டு. இன்னொன்றில் மே முப்பது. ஒன்று இன்னும் ஜனவரியிலேயே இருந்தது. இன்றைய தேதி ஒன்றில்கூட இல்லை.

"அண்ணன் நமக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாரு சார்" என்றாள் மேரிசெல்வி.

"படிக்காத ஜனம், எத்தனாவது பொட்டலம்னு தடுமாறும்" என்று சடையப்பன் பெருமையாக விளக்கினார். "அதான் ஆளுக்கு ஒரு காலண்டர். எந்தத் தேதிக்குத் தின்னணுமோ அந்தத் தேதித் தாள்லயே மடிச்சுக் கொடுத்துடுவேன். தப்பே வராது." சொல்லிக்கொண்டே ஒரு புதுக் காலண்டரில் மே இருபது முதல் ஜூன் ஒன்பது வரை கிழித்தார். மருந்து கொடுக்கும் ஒழுங்கில் பெரிய ஆஸ்பத்திரிகளும் இவரிடம் பாடம் கேட்கலாம். கொடுப்பது என்ன மருந்து என்பதில்தான் கோளாறு.

மேரிசெல்வி மூலையில் பொடி இடிக்கும் உரலுக்குள் விரலை விட்டு எடுத்தாள். விரல் வெள்ளையாக வந்தது.

"எத்தனை மில்லிகிராம் அண்ணே?"

சடையப்பனின் கை நின்றது.

"நான் மெடிக்கல் ஷாப்ல இருந்தவ. மறைச்சுப் பிரயோஜனம் இல்ல."

"மூட்டுவலி மாத்திரைம்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கொஞ்சம் சுக்கு, கொஞ்சம் மாத்திரை. கேக்குதே! டாக்டர் எழுதினா வைத்தியம், நான் இடிச்சா குத்தமா?"

சித்தார்த்தன் பாயிலிருந்து துள்ளி எழுந்தார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே முழங்கினார். "மேரி, வழக்கு முடிந்தது! இவர் எடுப்பது மருந்து இல்லை, புளி. எடுப்பது பொய் என்றால் வைத்ததும் பொய். கொளஞ்சி நிரபராதி. இந்த ஆளைப் போலீஸில் ஒப்படைக்கிறோம்."

"சரி சார். அப்புறம் அந்தம்மா எப்படித் தெளிஞ்சாங்க?"

"யார்?"

"அமுதவல்லி. புளி உருண்டையைத் துப்பினா வலிப்பு நிக்குமா? நாலு தடவை தெளிஞ்சிருக்காங்களே." அவள் ஏற்கெனவே சுவரருகே போய், 'மரக்காணம் அம்மா' என்று எழுதியிருந்த உரக்கடைக் காலண்டரைக் கையில் எடுத்திருந்தாள். "உங்க நோட்டை எடுங்க."

காலண்டரில் ஜனவரி இருபத்தொன்று வரை தாள் இருந்தது. அதற்கடுத்து பிப்ரவரி பன்னிரண்டுதான். நடுவில் இருபத்தோரு தாள் இல்லை. பிப்ரவரி பதினெட்டு வரை ஒரு வாரம் இருந்தது. மறுபடி இருபத்தோரு தாள் இல்லை. இப்படி நாலு இடைவெளி.

"தாள் இல்லாத நாளெல்லாம் பொடி தின்ன நாள்" என்றார் சித்தார்த்தன் மெதுவாக. "தாள் இருக்கிற நாள்..."

"பொடி இல்லாத நாள். பிப்ரவரி பதினேழு?"

"இருக்கு."

"மார்ச் பதினெட்டு?"

"இருக்கு."

"ஏப்ரல் பதினாறு, மே பதினஞ்சு?"

இரண்டும் இருந்தன. இவ்வளவு நாளும் கொளஞ்சி ஒரு நாள்கூடத் தவறாமல் குழம்பு கொடுத்திருக்கிறாள். நல்லா இருந்த நாளிலும் அதே குழம்பு, கெட்ட நாளிலும் அதே குழம்பு. மாறியது பொடி மட்டும்தான். ஊரையே ஏமாற்றும் ஒருவரை அம்பலப்படுத்த வந்தால், அவருடைய ஏமாற்று வேலை மட்டும்தான் அமுதவல்லியைக் காப்பாற்றியிருக்கிறது. சித்தார்த்தனுக்கு எரிச்சலாக வந்தது.

"நான் காப்பாத்தினேனா?" என்றார் சடையப்பன். அங்கே எல்லாரையும்விட அதிகமாக அதிர்ந்துபோனவர் அவர்தான்.

டீக்கடையில் இருந்த காயின் பாக்ஸிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பேசினார்கள். மூளை நரம்பு டாக்டர் லூர்துமேரியின் தொலைந்துபோன பொமரேனியன் நாயைப் போன வருடம் சித்தார்த்தன் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். அது பக்கத்து வீட்டில் இருந்தது. இருந்தாலும் நன்றி நன்றிதான்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். குளிர், கரகரத்த குரல், கை உதறல், வலிப்பு, ஆள் தெரியாமல் போவது. கழுத்தைப் பற்றி அவரே கேட்டார். முகாமில் தடவிப் பார்த்தார்கள் என்றார் சித்தார்த்தன்.

"தைராய்டு கோளாறா இருக்கலாம். நம்ம உடம்புல கிருமியை விரட்டக் காவல் படை ஒண்ணு இருக்கு. சிலருக்கு அது புத்தி மாறி, சொந்தத் தைராய்டையே அடிக்கும். அது நிறைய பேருக்கு வர்றதுதான். ஆனா ரொம்ப அபூர்வமா, அவங்கள்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு மூளையும் கலங்கிப்போகும். பைத்தியம், பேய்னு நினைச்சிடுவாங்க. ஸ்டீராய்டு கொடுத்தா தெளியும். நிறுத்தினா பல பேருக்குத் திரும்ப வரும். ஹஷிமோட்டோ என்செஃபலோபதின்னு பேரு."

"இன்னொரு ரூபா போடுங்க சார், பேரு பெருசா இருக்குது" என்றாள் மேரிசெல்வி.

"ரத்தம் பாத்து, வேற காரணம் இல்லன்னு தெரிஞ்சாதான் உறுதியா சொல்ல முடியும். ஆனா வலிப்பு வந்துடுச்சுன்னா காத்திருக்கக் கூடாது. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அப்புறம், அந்தப் பொடிக்காரரை மிரட்டி எல்லாருக்கும் திடீர்னு நிறுத்திடாதீங்க. அதுவும் ஆபத்து. அவங்களையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க."

சித்தார்த்தன் போனை வைப்பதற்குள் மேரிசெல்வி அதைப் பிடுங்கி, டாக்டரிடம் இன்னொரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டுச் சிரித்தாள். என்ன என்று கேட்டதற்கு, "மளிகை சாமான் விஷயம் சார்" என்றாள்.

நாலு மணிக்கு மரக்காணம் திரும்பியபோது கலியபெருமாள் வாசலில் மறுநாள் பஞ்சாயத்துக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கத்தின் அம்பாசிடர் கார், மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கியோடு தயாராக நின்றது.

"ஆஸ்பத்திரியா? நாளைக்குப் பஞ்சாயத்து முடியட்டும் சார்" என்றார். "ஆஸ்பத்திரியில வேற எதையாச்சும் கண்டுபுடிப்பாங்க."

கடைசி வாக்கியம் சித்தார்த்தன் காதில் இடறியது. கண்டுபிடித்தால் நல்லதுதானே? அரிசிப் பானை ஞாபகத்துக்கு வந்தது. போர்டில் போட்டுக்கொண்ட பட்டத்துக்கு அவர் நியாயம் செய்த நேரம் அதுதான். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து விரல்களுக்கு நடுவே பிடித்தார்.

"கண்டுபிடிக்க ஒன்றுமில்லை ஐயா. ஜனவரி முகாமில் எடுத்த ரிப்போர்ட்டின் நகல் கிடைத்துவிட்டது. நாளைக்குப் பஞ்சாயத்தில் படித்துவிடுகிறேன்."

கலியபெருமாளின் முகம் வெளுத்தது. சித்தார்த்தனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "சார், உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன். அவளுக்குத் தைராய்டுன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க!"

"தைராய்டு என்று நாங்கள் யாரும் சொல்லவில்லையே" என்றார் சித்தார்த்தன்.

தாளைப் பிரித்துக் காட்டினார். சனிக்கிழமை, ஜூன் மூன்று. அவருடைய வயிற்று வலிப் பொட்டலத்தின் தாள். துலாம் ராசிக்கு வீண் அலைச்சல் என்று போட்டிருந்தது.

மேரிசெல்வி உள்ளே போய் அரிசிப் பானைக்குள்ளிருந்த பாக்கெட்டை எடுத்து வந்து நாற்காலியில் வைத்தாள். தலைவர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆயிரம் பேர் கூட்டம் முதல் தடவையாக அவர் கண்ணிலிருந்து கலைந்து போனது.

"மேடை மேடையா அயோடின் வேணாம்னு பேசுறேன். என் வீட்டுலயே தைராய்டுன்னா ஊர் சிரிக்காதா? உப்பள முதலாளி பொண்டாட்டிக்கு உப்புச்சத்துக் கொறைவுன்னு போஸ்டர் அடிக்க மாட்டானுங்களா?" "அவளை உட்டுடல சார். விடியக்காலம் திண்டிவனத்துக்குப் போயி, துண்டை மூஞ்சில கட்டிக்கினு பாக்கெட் உப்பு வாங்கியாந்து அவ சோத்துல நானே போட்டேன். சரியாப் போயிடும்னு பாத்தேன். கொளஞ்சி மேல பழி வந்தப்ப, அதுவும் ஒரு வழின்னு சும்மா இருந்துட்டேன்."

வேலிகாத்தான் மரத்தடியிலிருந்து கொளஞ்சி வந்து நின்றிருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"டாக்டரம்மாகிட்ட நான் ஒண்ணு கேட்டேன் ஐயா" என்றாள் மேரிசெல்வி. அவள் குரலில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை. "இந்த வியாதிக்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லையாம். அயோடின் கொறைஞ்சு வர்றது வேற. இது எந்த உப்பைத் தின்னாலும் வருமாம். அந்தச் சீட்டுல உங்க உப்பைப் பத்தி ஒரு எழுத்துகூட இருந்திருக்காது."

நாலு மாதம் மறைத்து வைத்த மானத்துக்கு அங்கே ஆபத்தே இருந்திருக்கவில்லை.

அமுதவல்லியைக் கம்பளியோடு தூக்கிக் காரில் படுக்க வைத்தார்கள். கொளஞ்சி ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கலியபெருமாள் முன் சீட்டில் உட்கார்ந்து மைக்கை எடுத்தார்.

"கொளஞ்சி மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது" என்றார்.

கொளஞ்சி பின்னாலிருந்து கையை நீட்டி ஒலிபெருக்கியின் சுவிட்சைப் போட்டாள்.

"இப்ப சொல்லு ஐயா" என்றாள்.

கார் மரக்காணம் கடைத்தெருவைத் தாண்டிப் பாண்டி ரோட்டில் ஏறும் வரை அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியோர்களே தாய்மார்களே என்று ஆரம்பிக்காமல் அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

ரத்தப் பரிசோதனை டாக்டரின் சந்தேகத்தை உறுதி செய்தது. ஐந்து நாள் மருந்து ஏறிய பிறகு, வியாழக்கிழமை மத்தியானம் கொளஞ்சி தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவந்தாள். கட்டிலில் கம்பளி இல்லாமல் உட்கார்ந்திருந்த அமுதவல்லி, பழக்க தோஷத்தில் குறுக்கே எழுந்த கணவரை ஒரு கையால் ஒதுக்கினாள். கை உதறவில்லை. ஒரு வாய் சாப்பிட்டாள்.

"கொளஞ்சி, உப்பு பத்தலடி."

"எந்த உப்பு போடறதுன்னு ஐயாவைக் கேளுக்கா" என்றாள் கொளஞ்சி.